லாக்கிங் ட்யூனர் மாட்டியும் சுருதி நிற்கவில்லையா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்): என் எலக்ட்ரிக் கிதாருக்கு லாக்கிங் ட்யூனர் (கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் சுருதிக் கீ) மாட்டினேன். வழக்கம்போல மூன்று சுற்று சுற்றித்தான் கம்பி போடுகிறேன். ஆனாலும் ட்ரெமோலோ பாரை (சுருதியை ஆட்டும் கைப்பிடியை) அழுத்தி விட்டால் ஜி கம்பி விலகிவிடுகிறது. ஏற்காட்டில் ஒரு கல்யாணக் கச்சேரியில் பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்க வேண்டியதாயிற்று. ட்யூனர் மட்டமான சரக்கா?

பதில்: ட்யூனர் மேல் பழி போடுவதற்கு முன்னால் அந்த மூன்று சுற்றை எடுத்துவிடுங்கள். சாதாரண ட்யூனரில் கம்பி நழுவாமல் இருக்கச் சுற்று வேண்டும். லாக்கிங் வகையில் அந்த வேலையை, கம்பி நுழையும் தண்டுக்குள் இருக்கும் சின்ன ஊசி பார்த்துக்கொள்கிறது. பாரை அழுத்தும்போது சுற்றுகள் தளரும். விட்டதும் பழைய இடத்திலேயே உட்காரும் என்று சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்கிய வசதியை நீங்களே சுற்றி மூடிவிட்டீர்கள்!

கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆறையும் மொத்தமாகக் கழற்றினால் ட்ரெமோலோ பிரிட்ஜ் (பாரோடு சேர்ந்து அசையும், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாகம்) பின்னால் சாய்ந்துவிடும். தண்டின் துளை நட்டை (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள பட்டையை) பார்க்கும்படி திருப்பி, கம்பியை நுழைத்து இழுத்துப் பிடித்து, பின்பக்கத் திருகை விரலாலேயே இறுக்குங்கள். குறடு வேண்டாம், மரை போய்விடும். பிறகு சுருதி ஏற்றுங்கள். தடித்த கம்பிகள் ஒரு சுற்றுக்குள்ளேயே சேர்ந்துவிடும். மெல்லிய இ, பி கம்பிகளுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு அரைச் சுற்றாவது விழ விடுங்கள், இழுவை முழுக்க ஊசி மேல் விழாது. மிச்சக் கம்பியைக் கடைசியில்தான் நறுக்க வேண்டும். கோட்டோ மேக்னம் லாக் போன்றவற்றில் பின்னால் திருகே இருக்காது. கீயைத் திருப்பும்போதே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து நட். பாரை அழுத்தி விட்டபின் சுருதி ஏறி நின்றதா, இறங்கி நின்றதா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் வேண்டிய தகவல் அதுதான். இறங்கினால் பெரும்பாலும் சுற்றுகளின் வேலை. ஏறினால் நட்டில் கம்பி சிக்குகிறது: அழுத்தும்போது ட்யூனர் பக்கம் நகர்ந்த கம்பி, விட்டதும் திரும்பி வரவில்லை. கீயைத் திருப்பும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டாலும் இதே கதைதான். 2பி பென்சில் முனையை நட்டின் பள்ளத்தில் நன்றாகத் தேயுங்கள். கம்பியை மேலிருந்து அமுக்கும் ஸ்ட்ரிங் ட்ரீ இருந்தால் அதன் அடியிலும். 9 தடிமன் கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் 10 தடிமன் போட்டிருந்தால் பென்சில் போதாது. அந்தத் தடிமனுக்கான அரம் வைத்திருக்கும் ஆளிடம் கொடுங்கள்.

ஒரு பக்கவிளைவும் உண்டு. ஃபெண்டர் மாதிரி சாய்வில்லாத தலையில், சுற்று குறைந்தால் கம்பி தண்டில் உயரமாக நிற்கும். நட் மேல் அழுத்தம் குறைந்து டி, ஜி கம்பிகள் விரல் வைக்காமல் திறந்து மீட்டும்போது இரையலாம். தண்டுகளின் உயரம் படிப்படியாகக் குறையும் செட் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

ஏற்காட்டின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. சேலத்து வெயிலில் சுருதி சேர்த்துவிட்டுச் சுமார் 1,500 மீட்டர் உயரக் குளிருக்குப் போனால் எஃகு சுருங்கிச் சுருதி ஏறும். மேலே போனதும் கேஸைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு வாருங்கள், பிறகு சேருங்கள். புதுக் கம்பியை முந்தின நாளே மாட்டி, கையால் இழுத்து இழுத்து நீட்டிவிடுங்கள். கச்சேரி முடிந்ததும் பனி ஈரம் போகத் துணியால் துடைத்து வையுங்கள், துரு பிடித்த கம்பி நட்டில் இன்னும் மோசமாகச் சிக்கும்.