“மூணே நாளில் குணம்” என்றால் பாட்டிலைக் கீழே வையுங்கள்

தொடையின் பின்பக்கச் சதை பிடித்துவிட்டது. டிவி விளம்பரம் பார்த்து ‘3 நாளில் குணம்’ என்ற எண்ணெயை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். பத்து நாளாகியும் படி ஏற முடியவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகர், திருப்பூர்

உங்கள் மேல் தப்பில்லை. வலியில் இருப்பவர் எதையும் நம்பத்தான் செய்வார். அதைத் தெரிந்துகொண்டே விற்கிறார்கள், எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

சதை பிடிப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தசை இழைகள் கிழிவது. சில இழைகள் மட்டும் கிழிந்திருந்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரம். பாதி கிழிந்திருந்தால் நான்கிலிருந்து எட்டு வாரம். முழுசாக அறுந்திருந்தால் மூன்று மாதமோ அதற்கு மேலோ, சிலருக்கு ஆபரேஷனும் தேவைப்படும். கிழிந்த இடம் முதலில் வீங்கும், அப்புறம் புது இழை வளரும், அப்புறம் அது பழைய பலத்துக்கு வரும். எந்த எண்ணெயும் இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க வைக்காது. மெந்தாலும் கற்பூரமும் தோலில் குளிர்ச்சியோ எரிச்சலோ உண்டாக்கும், கொஞ்ச நேரம் வலி தெரியாது, அவ்வளவுதான். அதை எழுபது ரூபாய்த் தைலமும் செய்யும்.

லேசான பிடிப்பில் நாலைந்து நாளில் வலி தானாகவே குறையும். பெயர் எண்ணெய்க்குப் போய்விடுகிறது. அதை நம்பி ஐந்தாம் நாளே ஓடப் போகிறவர், பாதி ஆறிய இடத்திலேயே மறுபடி கிழித்துக்கொள்கிறார். விளம்பரம் செய்யும் உண்மையான கெடுதல் இதுதான், 1,800 ரூபாய் அப்புறம்.

சரி, பணத்துக்கு வருவோம். பில், பாட்டில், விளம்பரத்தின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு விற்றவருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளருக்கும், அதில் வந்து சிபாரிசு செய்தவருக்கும் 10 லட்ச ரூபாய் வரை அபராதம் போடலாம். பத்து நாளாகியும் படி ஏற முடியவில்லை என்கிறீர்கள், அந்தத் தொடையை இந்த வாரமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கெண்டைச்சதை கிழிந்ததற்கு டாக்டர் ஆறு வாரம் என்கிறார். மசாஜ் கன் வாங்கினால் சீக்கிரம் ஆறுமா? – வாசகர், ஈரோடு

ஆறாது. புதுக் கிழிசலில் அதை வைத்து அழுத்தினால் ரத்தக்கசிவுதான் கூடும்.

பிசியோதெரபிக்கு 20 சிட்டிங் என்று 12,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். எட்டாவதிலேயே சரியாகிவிட்டது. மீதியைத் தர மறுக்கிறார்கள். ரசீதில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று இருக்கிறது. – வாசகி, மதுரை

ரசீதில் ஒரு வரி அச்சடித்துவிட்டதால் உங்கள் வாய் அடைபட்டுவிடாது. வராத 12 சிட்டிங்குக்கு 7,200 ரூபாய் என்று கணக்குப் போட்டு, பதிவுத் தபாலில் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இனி யார் கேட்டாலும் ஐந்து சிட்டிங்குக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். எத்தனை தேவைப்படும் என்பது முதல் நாளிலேயே யாருக்கும் தெரியாது.

பொருட்காட்சியில் காந்த இடுப்பு பெல்ட் வாங்கினேன். ஒரே வாரத்தில் ஒட்டும் பட்டை போய்விட்டது. பில் வாங்கவில்லை. போன வருடம் முட்டிக்கு வாங்கியதும் இப்படித்தான். – வாசகர், சேலம்

இரண்டாவது தடவையும் பில் இல்லாமல் வாங்கிவிட்டு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய? பில் தராததே சட்டப்படி தவறு. பில் இருந்து, அதில் வேறு கெடு போடாமல் இருந்தால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்தாக வேண்டும். நீங்கள் கேட்கவே இல்லை, கடையும் இப்போது அங்கே இல்லை.

அதே மாதிரி பெல்ட்டை நானும் வாங்கினேன், 2,400 ரூபாய். உள்ளே பொத்தான் அளவில் எட்டு காந்த வில்லைகள், இரண்டாவது துவைப்பில் அதில் மூன்று கழன்று வாளிக்குள் கிடந்தன. அது கூடப் பரவாயில்லை. பெல்ட் இருக்கிறதே என்ற தைரியத்தில் கேஸ் சிலிண்டரைத் தூக்கினேன். மூன்று வாரத்தில் ஆற வேண்டிய இடுப்பு மூன்று மாதம் இழுத்தது. காந்தம் தசையை ஆற்றும் என்பதற்கு நல்ல ஆதாரம் எதுவும் இல்லை, வாங்கும் முன் நான் அதை விசாரித்திருக்க வேண்டும்.

ஐஸ் ஒத்தடப் பை நல்லதாக எங்கே வாங்கலாம்? – வாசகி, தஞ்சாவூர்

வாங்கவே வேண்டாம். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், முதல் இரண்டு மூன்று நாள் போதும். அந்த நாட்களில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

அம்மாவுக்கு அடி எதுவும் படவில்லை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. சதை பிடிப்புக்கு எந்தத் தைலம் நல்லது? – வாசகர், நாகர்கோவில்

தைலம் வாங்காதீர்கள், காலைப் பிடித்தும் விடாதீர்கள். ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். இதைப் படித்ததும் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள்.