650 ட்வின் பைக் டிராஃபிக்கில் மெதுவாகப் போகும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது. என்ன செய்யலாம்?

கேட்டவருடையது ராயல் என்ஃபீல்டின் இரண்டு சிலிண்டர் (ட்வின்) வண்டி, இன்டர்செப்டர் 650. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 15–25 கிமீ வேகத்தில் ஊர்ந்தால் வண்டி முன்னும் பின்னும் உலுக்குகிறது. மெக்கானிக் ஃப்யூல் பாக்ஸ் (பெட்ரோல் அளவை மாற்றும் எலக்ட்ரானிக் பெட்டி) மாட்டச் சொல்கிறாராம். இப்போதைக்கு அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். இந்த உலுக்கலில் பெரும்பகுதி எஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற லூஸ்தான். அதை எடுக்காமல் எதை மாட்டினாலும் வித்தியாசம் தெரியாது.

முதலில் எஞ்சினின் சுபாவம். இது 270 டிகிரி கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு). இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிப்பதில்லை. ஒரு இடைவெளி 270 டிகிரி, அடுத்தது 450. 1,500 ஆர்பிஎம்மில் கணக்குப் போட்டால் 30 மில்லி செகண்ட், பிறகு 50 மில்லி செகண்ட். சக்கரத்துக்குப் போகும் தள்ளு சீராக இருக்காது, அந்த இடைவெளியில் செயின் தளர்ந்து மறுபடி இறுகும். 3,000-ல் இடைவெளிகள் பாதியாகிவிடுவதால் உடம்புக்குத் தெரியாது. இதோடு இன்னொன்று: ஆக்சிலேட்டரை முழுக்க மூடினால் இசியு (எஞ்சினின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்திவிடும், ஆர்பிஎம் ஐடிலுக்கு அருகே இறங்கியதும் திரும்பக் கொடுக்கும். டிராஃபிக்கில் அந்த எல்லையை நிமிஷத்துக்குப் பலமுறை தாண்டுகிறீர்கள்.

புல்லட்டிலிருந்து மாறியவர்களுக்கு இது அதிகம் படும். கனமான ஃப்ளைவீல் உள்ள அந்த சிங்கிளை நாலாவது கியரில் டக் டக்கென்று விட்டுப் பழகிய கை, இதிலும் அதையே செய்யும். 25 கிமீக்குக் கீழே முதல் கியர், 35 வரை இரண்டாவது, அதைத் தாண்டித்தான் மூன்றாவது. ஆர்பிஎம் முள் 2,000-க்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

இனி ஸ்பேனர் வேலை. ஆக்சிலேட்டர் வயரில் தொடங்குங்கள். பிடியைத் திருப்பினால் வயர் இழுக்கத் தொடங்கும் முன் 2–3 மில்லிமீட்டர் விளையாட்டு இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் நீங்கள் மெல்லத் திறப்பதாக நினைக்கும்போது அது பட்டென்று பிடிக்கும். அட்ஜஸ்டரைத் திருகியபின், ஐடிலில் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ரேஸ் ஏறினால் வயர் ஓவர் டைட்.

அடுத்தது செயின், பாதி நோய் இங்கேதான். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் செயினின் ஆட்டத்தை அளந்து பாருங்கள். எங்கே அதிக இறுக்கமோ அங்கேதான் மேனுவல் அளவுக்கு வைக்க வேண்டும். லூஸான இடத்தில் வைத்தால், இறுகும் இடத்தில் கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங்குக்குக் கேடு. இறுக்கத்துக்கும் லூஸுக்கும் வித்தியாசம் அதிகமென்றால் அட்ஜஸ்ட்மென்ட் உதவாது, செயினோடு அது ஓடும் இரண்டு பல் சக்கரத்தையும் (ஸ்ப்ராக்கெட்) சேர்த்து மாற்றுங்கள். எண்ணூர் கடல் காற்றும் மணலி தூசியும் செயினை வாட்டும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் துடையுங்கள், பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் செயினில் உள்ள ஓ-ரிங் ரப்பரைக் கெடுக்கும். பிறகு 80W-90 கியர் ஆயில் போதும்.

அப்படியே பின் சக்கர ஹப்புக்குள் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பரையும் பாருங்கள். கியரில் போட்டு, செயினை அசையாமல் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ரப்பர் எதிர்க்கும் முன்பே சக்கரம் தாராளமாக ஆடினால் ரப்பர் செத்துவிட்டது. புதுசு கிடைக்கும் வரை இடைவெளியில் சைக்கிள் ட்யூப் துண்டு வைக்கலாம், தற்காலிகம்தான்.

இதற்குப் பிறகும் உலுக்கினால் ட்யூனிங். ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் பழைய ஆலையைச் சுற்றிப் பழகிய சிங்கிள் சிலிண்டர் வண்டிகளில் காதால் ஐடில் வைத்துவிடலாம். இதில் முடியாது, சிலிண்டர்களுக்குக் காற்று விடும் இரண்டு த்ராட்டில் பாடி சமமாக மூச்சுவிட வேண்டும். வரிசை முக்கியம்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டாப்பெட் (வால்வு) இடைவெளி, பிறகு ப்ளக், பிறகு த்ராட்டில் பாடி கரி சுத்தம், கடைசியில் சூடான எஞ்சினில் வேக்குவம் பேலன்ஸ் (இரண்டு பக்க உறிஞ்சலையும் சமமாக்குவது). டாப்பெட் இறுகியிருந்தால் வேக்குவம் தவறாகக் காட்டும். கேஜ் இல்லையென்றால் நாலு மீட்டர் தெளிவான ட்யூப் எடுத்து, பலகையில் யூ வடிவில் கட்டி, பாதி உயரத்துக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, இரு முனையையும் இரண்டு மேனிஃபோல்டு (காற்று உள்ளே போகும் குழாய்) வேக்குவம் முனையில் செருகுங்கள். எண்ணெய் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்க பட்டர்ஃப்ளை (த்ராட்டில் பாடிக்குள் திறந்து மூடும் தகடு) அதிகம் மூடியிருக்கிறது. வேகமாக ஏறினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். கொஞ்சம் உள்ளே போனாலும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் புகையாக எரிந்துவிடும், தண்ணீர் ஊற்றாதீர்கள். சரிசெய்யும்போது இரண்டு பட்டர்ஃப்ளையையும் இணைக்கும் ஸ்க்ரூவை மட்டும் தொடுங்கள். பெயின்ட் மார்க் போட்ட ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகினால் இசியு கணக்கு குழம்பிவிடும்.

இன்டேக் ரப்பர் லீக்கைக் கண்டுபிடிக்க, ஐடிலில் ரப்பரைச் சுற்றி லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், ஆர்பிஎம் மாறினால் அங்கேதான். சூடான எஞ்சினில் கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே வேண்டாம், தீப்பிடிக்கும். சத்தத்துக்காக சைலன்சர் மாற்றியிருந்தால் எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டையும் பாருங்கள். வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால் ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோல்-காற்றுக் கலவையைத் தவறாகப் படிக்கும்.

ஓட்டும்போது வலது கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோ சுவிட்ச் ஹவுசிங்கில் ஊன்றியிருக்கட்டும், குழியில் விழுந்தாலும் கை தானாக ஆக்சிலேட்டரைத் திறக்காது. ஊரும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மூடாமல், பின் பிரேக்கை லேசாக மிதித்து வேகத்தைப் பிடியுங்கள். செயின் எப்போதும் ஒரே பக்கம் இறுகியிருக்கும், பெட்ரோலும் நிற்காது. தேவையானபோது கிளட்ச்சைப் பாதி விடுங்கள். ஆயிலில் மூழ்கிய கிளட்ச், அவ்வளவுக்கு ஒன்றும் ஆகாது.

மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரைக் கடந்த பிறகு தொடங்கிய ஜெர்க் என்றால் மேலே சொன்னதற்கெல்லாம் முன்னால் இதைப் பாருங்கள். ஜெர்க் வரும் நொடியில் டேக்கோ (ஆர்பிஎம் மீட்டர்) முள்ளைக் கவனியுங்கள். சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் அது கரன்ட் பிரச்சினை: சைடு ஸ்டாண்டு சுவிட்ச், பேட்டரி டெர்மினல், ஸ்டியரிங் கழுத்தில் உரசும் வயரிங். முள் விழவில்லை, வண்டி மட்டும் உலுக்குகிறது என்றால் செயினுக்குத் திரும்புங்கள்.