கேள்வி பதில்: செயலில் இல்லாத கோர்ஸ் ரிசர்வ் பதிவுகளை ரீஇண்டெக்ஸ் செய்வது

கேள்வி: கோஹா என்ற நூலக மென்பொருளில், கோர்ஸ் ரிசர்வ் (பாடத்துக்கென ஒதுக்கிவைக்கும் நூல்கள்) பகுதியில் போன பருவத்துப் பாடத்தைச் செயல்நீக்கம் செய்துவிட்டேன். அதன் நூல்கள் தேடலில் இன்னும் ரிசர்வ் என்றே வருகின்றன. தேடல் பார்க்கும் பட்டியலான இண்டெக்ஸை முழுவதும் மறுபடி போடட்டுமா (ரீஇண்டெக்ஸ்)?

பதில்: பொறுங்கள். முதலில் அந்தப் பிரதியின் பதிவைத் திறந்து பாருங்கள். பாடம் செயல்நீக்கம் ஆனதும் ஐட்டம் டைப் (பிரதியின் வகை), தொகுப்பு, இருப்பிடம் ஆகியவற்றில் ரிசர்வுக்காக மாற்றியதையெல்லாம் கோஹா பழைய மதிப்புக்குத் திருப்ப வேண்டும். பதிவிலேயே ரிசர்வ் என்று இருந்தால் கோளாறு தரவில் இருக்கிறது. எத்தனை முறை இண்டெக்ஸ் போட்டாலும் அதே தப்புதான் வரும். பதிவு சரியாக இருந்து தேடல் மட்டும் பழசைக் காட்டினால்தான் இண்டெக்ஸைத் தொட வேண்டும். உங்கள் கோஹாவின் தேடுபொறி ஸீப்ரா என்றால், இண்டெக்ஸ் ஆக வேண்டிய பதிவுகள் சேரும் ஸீப்ராக்யூ அட்டவணையில் 'டன்' (முடிந்தது) மதிப்பு 0 ஆகவே கிடக்கும் வரிகளை எண்ணுங்கள். குவிந்து கிடந்தால் இண்டெக்சர் (இண்டெக்ஸ் போடும் நிரல்) நின்றுபோயிருக்கும். அதை ஓடவிட்டாலே பெரும்பாலும் போதும்.

கேள்வி: என்னிடம் பதிவிலேயே ரிசர்வ் என்றுதான் இருக்கிறது.

பதில்: அதே பிரதி இன்னொரு பாடத்திலும் இருக்கிறதா? அந்தப் பாடம் செயலில் இருக்கும்வரை மதிப்பு திரும்பாது. அது சரிதான், விட்டுவிடுங்கள்.

கேள்வி: நிறையப் பாடங்கள் இருந்ததால் தரவுத்தளத்திலேயே நேரடியாக எஸ்க்யூஎல் கட்டளையில் பாடங்களின் 'செயலில் உள்ளதா' மதிப்பை 'நோ' என்று மாற்றினோம்.

பதில்: இதைச் செய்யாதீர்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். பிரதிகளின் மதிப்பைத் திருப்புவதும், மாறிய பதிவை இண்டெக்ஸ் வரிசையில் சேர்ப்பதும் கோஹாவின் நிரல் செய்யும் வேலைகள். எஸ்க்யூஎல் அந்த நிரலைத் தொடாமலே தாண்டிப் போய்விடுகிறது. பேக்கப் எடுத்துவிட்டு, அந்தப் பாடங்களை 'யெஸ்' ஆக்கி, அப்புறம் திரை வழியாகவே ஒவ்வொன்றாகச் செயல்நீக்கம் செய்யுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் மாணவர் அலமாரியில் தேடும் நூல் சரியான இடத்தில் இருக்கும்.

கேள்வி: ஸீப்ராவுக்குப் பதில் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறி வைத்திருந்தால், சில பதிவுகளை மட்டும் இண்டெக்ஸ் போட முடியுமா?

பதில்: முடியும். ரீபில்ட் எலாஸ்டிக்சர்ச் நிரலுக்கு 'பிஎன்' என்ற விருப்பத்தோடு நூற்பதிவு எண்ணைக் கொடுங்கள். பல எண்களுக்கு அதையே திரும்பத் திரும்பச் சேர்க்கலாம். 'டி' விருப்பத்தைப் பகலில் தொடாதீர்கள். அது பழைய இண்டெக்ஸை அழித்துவிட்டுத்தான் தொடங்கும், முடியும்வரை தேடல் அரைகுறையாகவே இருக்கும்.

கேள்வி: எங்கள் தேடல் பக்கம் வியூஃபைண்ட் என்ற மென்பொருளில் ஓடுகிறது. முடிந்த பாடங்கள் பட்டியலில் அப்படியே நிற்கின்றன.

பதில்: அங்கே ரிசர்வுக்குத் தனி சோலர் (வியூஃபைண்டின் தேடுபொறி) இண்டெக்ஸ். நூல் பதிவுகளை எவ்வளவு இண்டெக்ஸ் செய்தாலும் அது மாறாது. இண்டெக்ஸ் ரிசர்வ்ஸ் நிரலைத் தனியாக ஓட்டுங்கள். பழையதைத் துடைத்துவிட்டு, நூலக மென்பொருள் இப்போது தரும் பட்டியலை ஏற்றும். பருவம் முடியும்போது மட்டும் என்றில்லாமல் தினமும் இரவில் ஓடும்படி கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானே ஓட்டும் வசதி) வைத்துவிடுங்கள்.