ஒபெக் உற்பத்தியைக் குறைத்தால் ஓ.என்.ஜி.சி பங்கில் பணம் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. விருப்ப ஓய்வு பெற்றதில் 12 லட்சம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் உற்பத்தியைக் குறைத்தால் கச்சா எண்ணெய் விலை ஏறும், எண்ணெய் எடுக்கும் பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி-யின் லாபம் கூடும், பங்கு விலையும் எகிறும் என்கிறார் என் மைத்துனர். அடுத்த அறிவிப்பு வந்ததும் முழுத் தொகையையும் அதில் போடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: போடாதீர்கள். குறைப்பு அறிவித்தால் விலை ஏறிவிடும், விலை ஏறினால் அந்த லாபம் பங்குதாரருக்கு வந்துவிடும் என்ற இரண்டு நம்பிக்கைகளில் இந்தத் திட்டம் நிற்கிறது. இரண்டுமே பலமுறை பொய்த்திருக்கின்றன.

2022 அக்டோபரில் ஒபெக் பிளஸ் (ஒபெக்கும் ரஷ்யா போன்ற கூட்டாளிகளும்) நாடுகள் நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் குறைப்பதாக அறிவித்தன. அப்போது உலகச் சந்தையில் அளவுகோலாகக் கொள்ளும் பிரெண்ட் கச்சா எண்ணெயின் விலை பீப்பாய்க்குச் சுமார் 93 டாலர். டிசம்பர் தொடக்கத்தில் அது 80 டாலருக்குக் கீழே போய்விட்டது. 2023 ஏப்ரலில் இன்னொரு குறைப்பு. சில நாள்களில் 80 டாலரிலிருந்து 87-க்கு ஏறியது, மே தொடக்கத்தில் 73-க்கு இறங்கியது. சவுதி அரேபியா தனியாக 10 லட்சம் பீப்பாய் குறைத்த 2023 ஜூலைக்குப் பிறகு மட்டும் விலை நன்றாக ஏறி, செப்டம்பர் கடைசியில் 95 டாலரைத் தாண்டியது. அதுவும் டிசம்பரில் 75-க்கு வந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. நைஜீரியா, அங்கோலா போன்ற நாடுகள் தங்களுக்கு ஒபெக் ஒதுக்கிய அளவையே எடுக்க முடியாமல் இருந்தன. அவற்றின் 'குறைப்பு' காகிதத்தில் மட்டும்தான். ஈராக்கும் கஜகஸ்தானும் ஒதுக்கீட்டைத் தாண்டி எடுத்தன. ஒபெக் விட்ட இடத்தை அமெரிக்கா நாளுக்கு 130 லட்சம் பீப்பாய் அளவுக்கு எடுத்து நிரப்பியது. நிறுத்திவைத்த எண்ணெயும் என்றாவது ஒருநாள் சந்தைக்கு வந்தாக வேண்டும். 2025 ஏப்ரலில் ஒபெக் பிளஸ் அதைத் திரும்ப விடத் தொடங்கியது. அதோடு அமெரிக்காவின் சுங்கவரி பயமும் சேர, பிரெண்ட் 60 டாலர் வரை விழுந்தது.

சரி, விலை ஏறியே விட்டது என்று வைத்துக்கொள்வோம். லாபம் யாருக்குப் போகிறது? 2022 ஜூலை 1 அன்று மத்திய அரசு, உள்நாட்டில் எடுக்கும் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் விண்ட்ஃபால் வரி (விலையேற்றத்தால் வரும் திடீர் லாபத்தின் மீதான வரி) போட்டது. ஒரு டன் என்பது ஏறத்தாழ 7.3 பீப்பாய். ஆக, பீப்பாய்க்குச் சுமார் 3,200 ரூபாய், அதாவது அன்றைய மதிப்பில் 40 டாலர். 110 டாலருக்கு விற்ற எண்ணெயில் 40 டாலர் இந்த ஒரு வரிக்கே போனது. எண்ணெய் எடுப்பதற்காக அரசுக்குக் கட்டும் ராயல்டியும், பழைய வயல்களுக்கான 20% செஸ் என்ற கூடுதல் வரியும் தனி. அன்று ஒரே நாளில் ஓ.என்.ஜி.சி பங்கு 13% விழுந்தது. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எண்ணெய் விலைக்கேற்ப வரியை ஏற்றி இறக்கினார்கள். 2024 டிசம்பரில் நீக்கினார்கள். நீக்கிய வரியைத் திரும்பப் போட ஓர் அறிவிக்கை போதும்.

எரிவாயுவிலும் இதே கதைதான், பலர் இதைப் பார்ப்பதே இல்லை. ஓ.என்.ஜி.சி-யின் பழைய வயல்களில் எடுக்கும் வாயுவின் விலை, இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலையில் 10%. ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. 2023 ஏப்ரலில் ஒரு யூனிட்டுக்கு (பத்து லட்சம் பி.டி.யு) 6.50 டாலர் என்று வைத்து, 2025 ஏப்ரலில் 6.75 ஆக்கினார்கள். அதாவது அந்த 6.75 வரம்பில், கச்சா எண்ணெய் 67.50 டாலரைத் தாண்டி 100-க்கே போனாலும் அந்த வாயுவில் ஒரு சென்ட்கூட கூடாது. புதுக் கிணறுகளின் வாயுவுக்கு மட்டும் 12% கிடைக்கிறது.

கச்சா எண்ணெயை வாங்கிச் சுத்திகரித்து பெட்ரோல், டீசல் விற்கும் ஐ.ஓ.சி, பி.பி.சி.எல், எச்.பி.சி.எல் பங்குகளுக்கு விலையேற்றம் நேரெதிர் பலன் தரும். கச்சா விலை ஏறியும் பெட்ரோல் விலையை ஏற்றாமல் வைத்ததால் 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் மூன்றும் சேர்ந்து சுமார் 18,500 கோடி ரூபாய் நஷ்டம் காட்டின. எண்ணெய் இறங்கிய 2023-24-ல் அவற்றின் லாபம் ஏறக்குறைய 81,000 கோடி.

உங்கள் பணத்துக்கு வருவோம். வேறு ஓய்வூதியம் இல்லை என்று வைத்தே சொல்கிறேன். 9 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 55 வயது தாண்டி விருப்ப ஓய்வு பெற்றவர்கள் 60 வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் ஓய்வுக்காலப் பணம் வந்த மூன்று மாதத்துக்குள் கணக்குத் தொடங்கியாக வேண்டும். 8.2% வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,450 ரூபாய் வரும். சேரும் காலாண்டில் என்ன வட்டியோ அதுவே ஐந்தாண்டுக்கும் மாறாமல் இருக்கும் என்பதால், அஞ்சலகத்தில் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2.4 லட்சம் அவசரத் தேவைக்கு வங்கி டெபாசிட்டில் இருக்கட்டும்.

மீதி 60,000 ரூபாயில் எண்ணெய்ப் பங்கு வாங்க ஆசைப்பட்டால் வாங்கலாம். ஆனால் மாதம் 10,000 வீதம் ஆறு மாதத்தில் வாங்குங்கள். அறிவிப்பு வந்த நாளில் வாங்காதீர்கள், விலை அன்றே ஏறியிருக்கும். காலாண்டு முடிவுகள் வரும்போது நிகர லாபத்தை மட்டும் பார்க்காமல், ஒரு பீப்பாய்க்கு நிறுவனத்துக்குக் கிடைத்த விலை, எடுத்த எண்ணெயின் அளவு இரண்டையும் பாருங்கள். மும்பைக்கு அருகே கடலில் ஓ.என்.ஜி.சி எண்ணெய் எடுக்கும் மும்பை ஹை பழைய வயல். அங்கே உற்பத்தி சரிந்துகொண்டே போனால் ஒபெக் எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20% வரி. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு 12.5%.

பங்கை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். மூன்று மாதக் கெடு தவறினால் 60 வயது வரை அந்த வட்டி கிடைக்காது. ஆகவே ஓய்வுப் பணம் வந்த தேதியோடு, நீங்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் சான்றிதழை முதலில் வாங்கிவிடுங்கள்.