10 நாள் பதிவுகளுக்கு எந்தச் சேமிப்பு வகை மலிவு?

காரைக்குடியில் விடுதியாக நடத்தும் செட்டிநாட்டு வீட்டின் கேமரா பதிவுகளை அமேசானின் இணையவழிச் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் 10 நாள் மட்டும் வைத்திருக்கும் நீங்கள், அதிலுள்ள நீண்டகாலச் சேமிப்பு வகையான கிளேசியருக்கு மாற்றினால் செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறையாது, கூடும். கிளேசியரில் ஒரு வகையான ஃப்ளெக்சிபிள் ரிட்ரீவலின் மாத விலை ஐந்தாறு மடங்கு குறைவுதான் என்றாலும், குறைந்தபட்சக் காலம் 90 நாள் என்பதால், 10-ஆம் நாளே அழித்தாலும் மீதி 80 நாளுக்கும் சேர்த்தே கட்டணம் விழும். போதாததற்கு, ஒவ்வொரு கோப்பையும் மாற்றுவதற்குத் தனிக் கட்டணம் வேறு; முகப்புக் கேமரா நிமிடத்துக்கொரு துண்டாக எழுதினால் கணக்கு எங்கே போகும்! ஆகவே எஸ்3-இன் இயல்பு வகையான ஸ்டாண்டர்டிலேயே விட்டு, பதிவுகளை 10 நாளில் காலாவதியாக்கித் தானாக அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியை மட்டும் வையுங்கள். அந்த அழிப்புக்குக் கட்டணமில்லை.

பலரும் கோட்டைவிடும் இடம், கோப்பின் பழைய பதிப்புகளையும் சேமித்து வைக்கும் வெர்ஷனிங் வசதி: அது இயக்கத்தில் இருந்தால், காலாவதியான பதிவு பழைய பதிப்பாக அங்கேயே கிடந்து கட்டணத்தை ஏற்றும் என்பதால், பழைய பதிப்புகளை 1 நாளில் நீக்கும் விதியையும் சேர்த்துவிடுங்கள்.