காதில் மெஷின், வகுப்பில் நாற்பது பேர்: எனக்கான கூட்டம் எங்கே?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் பிளஸ் ஒன் படிக்கிறேன். இரண்டு காதிலும் 65 டெசிபல் இழப்பு. சின்ன வயதிலிருந்தே ஹியரிங் எய்ட் போடுகிறேன். ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் புரிகிறது. நாலு பேர் கூடிப் பேசினால் ஒன்றும் பிடிபடுவதில்லை. எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரித்து வைக்கிறேன். காது கேளாதவர்களோடு சேரலாமென்றால் எனக்குச் சைகை மொழி தெரியாது. அதைக் கற்றால் பேச்சு கெட்டுவிடும் என்கிறார் அம்மா. நான் யாரோடு சேர்வது?

பதில்: தம்பி, உன்னை அதிகம் களைப்பாக்குவது அந்தச் 'சிரித்து வைப்பது'தான். ஹியரிங் எய்ட் சத்தத்தைக் கூட்டித் தரும். நாலு குரல் ஒன்றாக வந்தால் தனித்தனியாகப் பிரித்துத் தராது. மீதியை நீ உதட்டைப் பார்த்தும் ஊகித்தும் நிரப்புகிறாய். உதடும் பாதி வழிதான் வரும். கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் 'படம்', 'மடம்' என்று சொல்லிப் பார். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். ககரம் நாக்கின் பின்பகுதியில் பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை. மூளை நாள் முழுக்க இந்த வேலையைப் பார்த்தால் சாயங்காலம் யாரிடமும் பேசப் பிடிக்காதுதான். இது அலுப்பு. 'எனக்குப் பழகத் தெரியவில்லை' என்று நீயே முடிவு கட்டிக்கொள்ளாதே.

வகுப்பில் நாற்பது பேரையும் பிடிக்க வேண்டாம். இரண்டு பேர் போதும். அவர்களிடம் 'எனக்குக் காது சரியா கேக்காது' என்று மட்டும் சொன்னால் கத்துவார்கள். கத்தினால் உதடு கோணும், மெஷினில் வார்த்தை இன்னும் சிதறும். அதனால் வேண்டியதைக் குறிப்பாகக் கேள்: 'என் முகத்தைப் பார்த்துப் பேசு. பேச்சு மாறினா, இப்ப கிரிக்கெட், இப்ப கெமிஸ்ட்ரி சார்னு ஒரு வார்த்தை சொல்லு.' எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி ஊகம் சரியாக விழும். 'என்ன?' என்று மொட்டையாகக் கேட்பதைவிட, 'சனிக்கிழமை எங்க போறோம்னு சொன்னே?' என்று கேட்டுப் பார். விட்டுப்போன துண்டை மட்டும் திருப்பிச் சொல்வார்கள். 'ஒண்ணுமில்லடா, அப்புறம் சொல்றேன்' என்ற பதிலை மட்டும் ஏற்காதே. அந்த அப்புறம் வரவே வராது. 'இப்பவே சுருக்கமா சொல்லு' என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

உட்காரும் இடத்தையும் கவனி. ஜன்னல் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழும். இன்றைய மெஷின்கள் பலவற்றில் முன்னாலிருந்து வரும் குரலுக்கு முதலிடம் கொடுக்கும் வசதி உண்டு. உன்னுடையதில் இருக்கிறதா என்று உன் காதைச் சோதித்து மெஷினைச் சரிசெய்து தரும் ஆடியாலஜிஸ்ட்டிடம் கேள். ஆண்ட்ராய்டு போனில் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலி தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும். ஒருவர் பேசும்போது நன்றாகவே உதவும். கேன்டீன் கூச்சலில் அதுவும் திணறும்.

இவ்வளவு செய்தாலும் கேட்கும் உலகத்தில் நீ கொஞ்சம் உழைத்துக்கொண்டேதான் இருப்பாய். உழைக்காமல் அரட்டை அடிக்க ஓர் இடம் வேண்டாமா? அதற்குத்தான் சைகை மொழி. பதினாறு வயதில் உன் பேச்சு ஊன்றிவிட்டது. கையால் இன்னொரு மொழி கற்பதால் அது கெடாது. அம்மாவிடம் தைரியமாகச் சொல், வேண்டுமானால் இந்தப் பத்தியைக் காட்டு.

டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி வைத்திருக்கிறது. யூடியூபில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் சைகைகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். வீடியோவோடு நிறுத்தாமல் ஆட்களோடு பழகு.

ஆட்களைப் பிடிக்க ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பார். பக்கத்தில் காது கேளாதோர் சங்கம், சிறப்புப் பள்ளி எங்கே என்று அங்கே கேள். அடையாள அட்டை இல்லையென்றால் அதற்கும் விண்ணப்பித்துவிடு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் செவித்திறன் குறைந்தவர் என்றே ஒரு பிரிவு. உன் அளவு அதற்குள் வருகிறது. உன்னைப் போன்றவர்களுக்குத் தனிப் பெயரே இருக்கிறது என்றால் நீ ஒருவன் மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம்?

விளையாட்டில் நாட்டம் உண்டா? நல்ல காதில் 55 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு இருந்தால் காது கேளாதோர் ஒலிம்பிக் வரை போகலாம். களத்தில் எல்லோரும் மெஷினைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. அங்கே யாரும் யாரையும்விட அதிகம் கேட்டுவிட முடியாது. அதுவே எனக்கு மிகவும் பிடித்த விதி. உனக்குப் பக்கத்து ஊர் மதுரையின் ஜெர்லின் அனிகா, 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த போட்டியில் பேட்மின்டனில் மூன்று தங்கம் வென்று வந்தார். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. பதக்கம் கிடைக்கிறதோ இல்லையோ, உன் வயதுக்காரர்களை ஒரே இடத்தில் பார்க்க அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை சங்கத்துக்கு அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போ. அங்கே இருப்பவர்கள் கை ஓடும் வேகத்தில் உனக்குத் தலைகால் புரியாது. போனில் டைப் செய்து காட்டு. கடையிலும் வங்கியிலும் அவர்களே பல நேரம் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். அடிக்கடி போனால் உன் முகத்திலோ குணத்திலோ எதையாவது பிடித்து உனக்கென்று ஒரு பெயர்ச் சைகை வைப்பார்கள். கேலியாக இருந்தாலும் கோபித்துக்கொள்ளாதே, அங்கே எல்லோருக்கும் அப்படித்தான்.