தம்பியின் நோயை யாரிடம், எவ்வளவு சொல்வது?

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது. மனச்சிதைவு நோய்க்காக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றான். இப்போது மாதம் ஒரு ஊசியுடன் அமைதியாக இருக்கிறான். ஆனாலும் ஒழுங்கையில் பிள்ளைகள் 'விசரன்' என்கிறார்கள். தங்கைக்குக் கல்யாணம் பேசி வருகிறோம். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் தம்பியை வேறெங்காவது அனுப்பிவிடச் சொல்கிறார் மாமா. என்ன செய்வது? – வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பியை எங்கும் அனுப்ப வேண்டாம். ஆள் வரும்போதெல்லாம் பின்னறைக்குப் போகப் பழகியவர், சிறிது காலத்தில் கிளினிக்குக்குப் போகவும் கூச்சப்படுவார். கிளினிக் கொப்பியுடன் பஸ்ஸில் யாராவது கண்டுவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு ஊசி தவறும், பிறகு அடுத்ததும் தவறும். மருந்தைத் தாமாக நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் திரும்பி வருகிறது. அப்போது நீங்கள் எதை மறைக்க நினைத்தீர்களோ அதையே ஊர் முழுவதும் காண நேரிடும்.

யாரிடம் எவ்வளவு சொல்வதென்று முதலில் தம்பியிடமே கேளுங்கள். அயலவருக்கு, "சுகமில்லாமல் இருந்தார், மருந்து எடுக்கிறார், இப்போது நல்லம்" என்பதே போதும். நோயின் பெயரை அவர்களுக்கு அறிவிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. மாப்பிள்ளை வீடு அப்படியல்ல. நம் பகுதியில் வீடு பெண்ணுக்கே சீதனமாகப் போவதால் மாப்பிள்ளை வந்து வாழப்போவதும் பெரும்பாலும் அதே வளவில்தான், ஆகவே ஊசியும் குளிசையும் அதிக நாள் மறைந்திராது. தம்பி சம்மதித்தால், தங்கையும் கூட இருக்க, எழுத்துக்கு (கல்யாணப் பதிவுக்கு) முன்பே சொல்லிவிடுங்கள். தரகர் வாயால் போகவிடாதீர்கள்.

"பரம்பரை நோயா?" என்று கட்டாயம் கேட்பார்கள். பொதுவாக 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் வாழ்நாளில் வரலாம். கூடப்பிறந்தவருக்கு இருந்தால் அது 100க்கு 9 அளவிலும், மாமனுக்கோ சித்தப்பனுக்கோ இருந்தால் 100க்கு 4 அளவிலும் இருக்கும். ஆகவே பரம்பரைக்குப் பங்கில்லை என்று சொல்வது பொய். ஆனால் தங்கைக்கும் அவருக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் இந்நோய் வராமல் போவதற்கான வாய்ப்பே மிக அதிகம். இதைக் கேட்டும் விலகுகிறவர்கள் இருப்பார்கள், அது வலிக்கும்; எனினும் எழுத்து முடிந்தபின் அறிந்து சண்டையிடுகிறவர்களை விட, முன்பே விலகுகிறவர்கள் மேல் என்பது என் கருத்து.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கை வீசாமல் விறைப்பாக நடப்பது, தேத்தண்ணிக் கோப்பை கையில் நடுங்குவது, முகத்தில் சிரிப்பு வராதது, வாயோரம் எச்சில் வடிவது ஆகியவற்றைக் கண்டுதான் ஊர் 'விசர்' என்று முடிவு கட்டுகிறது. உண்மையில் இவை பெரும்பாலும் ஊசியின் பக்கவிளைவுகள். தம்பியிடம் இவை இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைத்தோ, மருந்தை மாற்றியோ, வேறொரு குளிசை சேர்த்தோ சீராக்க முடியும். வைத்தியர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கூட்டமான கிளினிக்கில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

செய்வினை என்று சொல்லும் உறவினருடன் வாதாடிப் பயனில்லை. நூல் கட்டட்டும், நேர்த்தி வைக்கட்டும்; அடிப்பதும், பட்டினி போடுவதும், மருந்தை நிறுத்தச் சொல்வதும் மட்டும் கூடாது என்பதில் உறுதியாக நில்லுங்கள்.

ஒழுங்கைப் பிள்ளைகளின் பேச்சு வீட்டுப் பெரியவர்களின் பேச்சுத்தான். மனநோயாளர் என்றால் அடிப்பார்கள் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை, அவர்களே அடியும் ஏமாற்றமும் படுகிறார்கள். இந்தப் பயத்தைக் கூட்டம் வைத்து விளக்குவதை விட, அந்த மனிதருடன் சேர்ந்து வேலை செய்வதே அதிகம் குறைக்கிறது என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம். அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் தண்ணீர் அள்ளவோ பந்தல் கட்டவோ தம்பி விரும்பினால் மற்ற இளைஞர்களுடன் போகட்டும். நீங்கள் காவல் நிற்க வேண்டாம். வேலைக்குத் திரும்புவதும் அப்படித்தான், முதலில் அரைநாள்.

இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து தூக்கமில்லை, தனியே பேசுகிறார், சாப்பாட்டில் சந்தேகப்படுகிறார் என்றால் கிளினிக் நாள் வரை காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.